சாத்தும் மலரும் பருகும் மலரும்

சிவபூசைக்கு மலரெடுக்கும் முறை சைவ நன்மக்களுக்குப் புதிதன்று. வைகறையில் எழுந்து நீராடித் திருநீறணிந்து, திருவைந்தெழுத்தை உள்ளத்தே எண்ணிப் பூக்குடலையோடு நந்தனவனம் புகுதல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாம். எம்மலர் கொள்ளத்தக்கது, எம்மலர் தள்ளத்தக்கது என்பதைக் கமலை ஞானப்பிரகாசர் புட்பவிதி என்னும் நூலில் வகுத்துரைத்தார். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) அவ்விதிகளைச் சிறுவரும் அறியுமாறு சைவ வினாவிடையிற் சுருக்கித் தந்தார். பூசைக்கு மலர்கொய்வார்க்கு இவ்வாறு வழி தெளிவாக உளது. அதே மலரைக் கொய்து நீரிலிட்டுக் காய்ச்சிப் பருகுவார்க்கோ, மருத்துவ நூல்களிற் சிதறிக் கிடப்பனவன்றி, எளிதிற் கைக்கொள்ளத்தக்க விதி பலர்பாலும் இல்லை.

இதனை ஈண்டு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. உலர்ந்த ஆவாரம்பூவும் சங்குப்பூவும் செம்பருத்தியும் சிறு பைகளிலும் கண்ணாடிக் குப்பிகளிலும் அடைக்கப்பட்டுக் கடைகளில் விலையாகின்றன. விலைகொடுத்து வாங்க மனமில்லாதார், கைப்பேசியிற் கண்ட ஒரு நிமிடக் காட்சியையே ஆசானாகக் கொண்டு, வேலியோரத்தும் ஏரிக்கரையிலும் மஞ்சளாய்ப் பூத்தவற்றைப் பறித்து வெந்நீரில் இடுகின்றனர். அவருள் அன்பர் சிலர் ஒருபடி மேற்சென்று, “சிவபெருமான் திருமுடிக்கு ஆகும் மலர் மனிதர் வயிற்றுக்கு ஆகாதோ?” என்று வினாவுகின்றனர். வினா அன்பின்வழித் தோன்றியது; ஆயினும் அதற்கு விடை தவறுமாயின் உயிர்க்கு இடையூறாம்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். தேயிலையிட்டுக் காய்ச்சிய நீரே தேநீர். பூவிட்ட நீரையும் அப்பெயரால் அழைத்தல் உபசார வழக்கேயாம். தமிழ் மருத்துவர் இதனைக் குடிநீர் என்றனர். சித்த மருத்துவ நூலார் அகமருந்து 32 எனவும் புறமருந்து 32 எனவும் பகுத்து, அகமருந்துள் குடிநீரை ஒன்றாக எண்ணினர். அதன் ஆயுள் ஒரு சாமம், அஃதாவது மூன்று மணி நேரம், என்றும் வரையறுத்தனர். காலையிற் காய்ச்சியதனை மாலைவரை வைத்திருந்து பருகுதலும், குளிர்ப்பெட்டியில் மூன்று நாள் வைத்துப் பருகுதலும் அந்நூல் நெறிக்கு மாறாம். தேநீர் என்று பெயர்மாறிய அளவிலேயே இவ்வரையறையும் மறந்துபோயிற்று. மருந்தென்னும் நினைவு நீங்கினால் அளவென்னும் நினைவும் உடன் நீங்குதல் இயல்பன்றோ?

இனி, இக்குடிநீருக்குரிய மலர் மலிந்த ஒரு நாட்டை நோக்குவாம். விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டு 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள் தொடங்கப்பெற்ற கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேல்பால் கல்வராயன்மலை நிற்கின்றது. கீழைத்தொடர்ச்சி மலைகளுள் அது ஒன்று. அதன் ஒரு கூறு சேலம் மாவட்டத்தைச் சாரும். மலைமேலுள்ள தலைமையான ஊருக்கு வெள்ளிமலை என்று பெயர். கயிலைக்குரிய அப்பெயரை யார் எக்காலத்து இட்டனரோ, கேட்குந்தோறும் செவிக்கு இனிதாயிருக்கின்றது. அம்மலையினின்று இழியும் ஆறுகளுள் ஒன்று கோமுகி. கருவறையினின்று திருமஞ்சனநீர் வெளிப்போதரும் வாய்க்கும் அதுவே பெயர் என்பதை அன்பர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மற்றொன்று மணிமுத்தாறு, நம்பியாரூரர் திருமுதுகுன்றத்திற் பெற்ற பொன்னை இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்ட ஆறு அதுவே. அவர் அவதரித்த திருநாவலூரும், மெய்ப்பொருள் நாயனார் அரசிருந்த திருக்கோவலூரும் இம்மாவட்டத்தனவே. குறிஞ்சிப்பாட்டில் மலர் பலவற்றை நிரல்பட எண்ணிய கபிலர் தம் இறுதிநாளை எய்தியதும் அக்கோவலூரிற் பெண்ணையாற்றங்கரையில் என்பது வழிவழிக் கேள்வி. மலரைப் பற்றிப் பேசுதற்கு இதனினும் பொருந்திய நாடு யாது?

கபிலர் எண்ணிய மலர்களுள் ஆவிரையும் ஒன்று. உலக வழக்கில் ஆவாரை என்பர். குறிஞ்சிப்பாட்டில் இடம்பெற்றதனாலே அதனை மலையுச்சிப் பூவெனக் கருதற்க. அது வறள்நிலச் செடி. கச்சிராயபாளையத்திலிருந்து மலையேறும் பாதையின் அடிவாரத்தும், கோமுகி அணையைச் சூழ்ந்த மேட்டுநிலத்தும், ஆடு மேயும் கரம்பிலும் ஆள் மார்பளவு புதராய் வளரும். மழைக்குப் பின்னர்ப் பொன்னைக் கொட்டினாற்போலப் பூக்கும். முற்காலத்து மடலேறும் தலைமகன் எருக்கோடும் பூளையோடும் சூடிக்கொண்டது இப்பூவே. சேலம், கொங்கு நாடுகளிலும் அவற்றை அடுத்த ஊர்களிலும் பொங்கலுக்கு முதல்நாள் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்துக் கூரையிறப்பிற் காப்பாகச் செருகப்படுவதும் இதுவே. இதன் பட்டை மிக்க துவர்ப்புடையது. ஆதலின் தோல் பதனிடுவார் நெடுங்காலம் அதனைக் கொண்டனர். அத்துவர்ப்பின் சாயல் பூவிலும் உண்டு.

ஆவாரை பூத்த ஊரிற் சாவார் இலர் என்னும் கருத்துடைய பழமொழியை அறியாதார் இலர். பழமொழி எதுகைக்கு இசைந்து மகிழ்கின்றது. வைத்திய சாலையின் கணக்கோ எதுகைக்கு இசையாது. ஆவாரைப்பூ நீரிழிவுக்கு நல்லது என்னும் நம்பிக்கை அடியோடு பொய்யுமன்று. ஆவிரை, கொன்றை, நாவல், மருது, கடலழிஞ்சில், கோட்டம், கோரைக்கிழங்கு என்னும் ஏழு சரக்குக்கள் கூடிய ஆவாரைக் குடிநீர் சித்த மருத்துவத்தில் நெடுநாள் வழங்கி வருவது. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல் துறையினர், நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஆவாரைப்பூவின் சாரத்தைக் கொடுத்து, குருதியிற் சர்க்கரை தணிந்தமையை 2002ஆம் ஆண்டிற் சிங்கப்பூர் மருத்துவ இதழில் வெளியிட்டனர். ஆயின் அங்குக் கொடுக்கப்பட்டது அளந்து பிரித்த சாரம்; பெற்றது எலி. நம் அடுக்களையிற் கொதிப்பதோ ஒரு பிடிப் பூ. பருகுவதோ அறுபது கடந்த மனித உடல். இவ்விரண்டற்கும் இடையே உள்ள தொலைவைப் பழமொழியாற் கடத்தல் இயலாது.

அத்தொலைவை அறியாது நடந்த ஒருவர் வரலாறு இதற்குச் சான்றாகும். கள்ளக்குறிச்சி நகரில் அரிசி மண்டி நடத்தி ஓய்வுற்ற முதியவர் அவர். தீக்கை பெற்றுச் சிவபூசை எழுந்தருளப் பண்ணியவர். பன்னீராண்டாக நீரிழிவுடையவர். அண்டை வீட்டார் சொற்கேட்டு ஆவாரம்பூக் குடிநீரைத் தொடங்கினார், அதனளவில் குற்றமில்லை. சித்திரையில், “பூ இருக்க மாத்திரை எதற்கு?” என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆடி பிறந்தபோது வலக்காற் பெருவிரலில் ஒரு கொப்புளம் தோன்றிற்று. அது பதினைந்து நாளாகியும் ஆறவில்லை. மூன்று திங்களின் சர்க்கரை நிலையை ஒருங்கே காட்டும் குருதிச் சோதனை செய்து பார்த்தபொழுது, அளவு முன்னையினும் மிக ஏறியிருந்தது. அவர் மனைவியார் அச்சோதனைத் தாளைப் பூசையறை வாயிலிலே வைத்துவிட்டு ஒன்றும் பேசாது அடுக்களைக்குட் போயினார்.

அவருக்கு அறிவு கொளுத்தியவர் ஆங்கில மருத்துவர் அல்லர். சித்த மருத்துவர் ஒருவரே. “ஐயா, குடிநீரை நான் விலக்கவில்லை. மாத்திரையை நிறுத்துவதும் கூட்டுவதும் சோதனை பார்த்து மருத்துவர் செய்யவேண்டியவை, நாமே செய்துகொள்ளலாகாது. இரண்டுஞ் சேர்ந்து சர்க்கரையை அளவிற்குமேல் தாழ்த்தினாலும் மயக்கம் வரும். காலையில் ஒரு குவளை பருகுங்கள், பருகுவதை இரு மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்” என்று அவர் கூறினார். புண் ஆற மேலும் ஆறு வாரம் சென்றது. விரல் தப்பியது.

அதன்பின்னர் முதியவர் பூவைத் தாமே பறிக்க எண்ணி மலையடிவாரத்துக்குச் சென்றார். மலையாளி வகுப்பைச் சேர்ந்த மூதாட்டி ஒருத்தி ஆடு மேய்த்துக்கொண்டு அங்கே இருந்தாள். அவர் மகிழ்ச்சியோடு துணிப்பையில் நிறைத்து வந்த மஞ்சட் பூவை வாங்கி விரலாற் கிளறிய அவள், பாதியை எடுத்துத் தரையிற் கொட்டினாள். “சாமி, இது ஆவாரை இல்லை, பேயாவாரை. ஆடுகூட வாய் வைக்காதே!” என்றாள். முதியவர், “எப்படித் தாயே கண்டாய்?” என்று கேட்க, இலையைக் கசக்கி அவர் மூக்கருகே நீட்டினாள். அந்நாற்றமே விடையாயிற்று.

பொன்னாவிரை என்றும் பேயாவிரை என்றும் வழங்கும் அச்செடி ஆவிரைக்கு இனமானதே. பூவின் நிறத்தால் மயக்குவது. அதன் இலைக்காம்பில் நான்கு முதல் ஆறு இணை அகன்ற கூரிய இலைகளே இருக்கும்; ஆவிரைக்கோ எட்டு முதல் பன்னிரண்டு இணைச் சிறிய மழுங்கிய இலைகள் உண்டு. ஆவிரையின் காம்படியிற் செவிமடல்போல் வட்டமான செதில் நிற்கும். இலத்தீன் மொழியார் அதற்கிட்ட பெயரும் செவியுடையது என்னும் பொருட்டே. ஆவிரையின் காய் தட்டையாய்த் தாள்போல் மெலிந்திருக்கும். மற்றையதன் காய் தடித்து நீண்டிருக்கும். இவ்வேறுபாடு புலவர் விளையாட்டன்று. மேற்கு உத்தரப்பிரதேசத்திற் பேயாவிரை விதையைத் தின்ற சிறார் பலர் மூளையும் ஈரலும் பழுதுற்று இறந்தமையை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர் கண்டறிந்து எழுதினர். ஒரு செடியின் விதை அத்துணைக் கொடிதாயின், அதன் பூவை ஐயத்தோடு நீரிலிடுதல் எவ்வறிவுடைமை?

குடிநீர் செய்யும் வகை எளிது. நன்கு அலர்ந்த பூவைப் பனியுலர்ந்த காலைப்பொழுதிற் கொய்து, எறும்பும் சிறுவண்டும் நீங்கத் தட்டிப் புடைத்து, காம்பு களைந்து கொள்க. பச்சைப்பூவாயின் பத்துப் பூவை இரண்டு குவளை நீரிலிட்டு ஒரு குவளையாய்ச் சுண்டக் காய்ச்சி வடித்தல் வேண்டும். உலர்ந்த பூவாயின் ஒரு சிறுகரண்டி அளவினதைக் கொதித்திறக்கிய நீரிலிட்டு மூடி, சிறிதுபொழுது ஊறவிட்டு வடித்தல் போதும். உலர்த்துதல் நிழலிலேயே ஆகவேண்டும். வெயிலிற் பொன்னிறம் போய் வைக்கோல் நிறமாகும். சுக்கு ஒரு துண்டும் ஏலம் ஒன்றும் தட்டியிட்டால் துவர்ப்பு மட்டுப்படும். வெல்லமிடுதல் சுவைக்கு நன்றேனும், நீரிழிவுடையார் வெல்லமிட்டுப் பருகுதல் யானை தன் தலையில் மண்ணிட்டுக்கொள்வது போலாம். சாலையோரத்துச் செடியும், பூச்சிமருந்து தெளித்த வயல்வரப்புச் செடியும் அறவே ஆகா.

இனிப் பூசைக்குரிய விதியும் பருகுதற்குரிய விதியும் எங்கே ஒக்கும், எங்கே மாறும் என்பதே ஈண்டு நாம் எண்ணவேண்டுவது. அரும்பு ஆகாது, புழுக்கடித்தது ஆகாது, சிலந்திநூல் சுற்றியது ஆகாது என்பன இரண்டற்கும் பொது. பிறர் காவலில் உள்ளதனைக் களவிற் கொள்ளலாகாது என்பதும், கொம்பை முறித்து வளைத்துப் பறிக்கலாகாது என்பதும் பொதுவே. ஆயின் இவற்றுக்கப்பால் இரண்டு நெறியும் ஒன்றையொன்று நோக்கி எதிரெதிர் நிற்றலைக் காணலாம். முகர்ந்த பூ பூசைக்கு ஆகாது. திருவாரூர்த் திருக்கோயிலிற் பூமண்டபத்தருகே கிடந்த ஒரு மலரை எடுத்து மோந்த அரசியாரின் மூக்கைச் செருத்துணை நாயனார் அரிந்ததும், அதனைக் கேட்ட கழற்சிங்க நாயனார் எடுத்த கையையன்றோ முதலில் துணித்தல் வேண்டுமென்று தம் தேவியார் கையைத் துணித்ததும் பெரியபுராணத்தால் அறிவோம். பருகும் பூவையோ முகர்ந்தேயாக வேண்டும். முகராது கொண்டால் பேயாவாரையும் குடலையேறும். பழம்பூ இறைவனுக்கு ஆகாது. குடிநீருக்கோ ஆறு திங்கள் உலர்ந்திருந்த பூவும் ஆகும். துணியிற் கட்டிவந்த பூவைப் பூசைக்கு விலக்கினர். குடிநீர்ப் பூவுக்குத் துணிமூட்டையே ஏற்றது. இவ்வெதிர்ப்பை உணர்ந்த முதியவரின் மனைவியார், பூசைக் குடலையை மலைக்குக் கொண்டுபோக விடாது, வேறோர் ஓலைக்கூடையைக் கொடுத்தனுப்பினார். நூல் கல்லாத அவ்வம்மையார் இரண்டு நெறியும் வேறென்பதைக் கூடையாலே காட்டிவிட்டனர்.

உதிர்ந்த பூவைப் பற்றிய மாற்றம் இன்னும் வியப்புடையது. நிலத்தில் உதிர்ந்தது பூசைக்கு ஆகாது என்பது விதி. ஈழநாட்டிற் சிங்கள மக்கள் வில்வமரத்தடியில் உதிரும் பூவைத் திரட்டி உலர்த்திக் காய்ச்சிப் பருகுகின்றனர். அதனைப் பெலிமல் என்பர். நீர் செந்நிறமாய் இளமணம் வீச, ஒரு துண்டுப் பனைவெல்லத்தையோ கித்துள் வெல்லத்தையோ கடித்துக்கொண்டு அதனைக் குடிப்பது அவர் வழக்கம். ஆவாரைப்பூவையும் ரணவரா என்னும் பெயரால் அவ்வாறே பருகுகின்றனர். ஆங்கிலத் தாவரநூலார் ஆவிரைக்கு மாத்தறைத் தேயிலை என்று பெயரெழுதியதும் அந்நாட்டு வழக்கம் பற்றியே. வில்வத்தை நாம் பத்திரத்தாற் போற்றினோம்; அதன் பூ மணக்கும் கோடைநாளில் உதிர்ந்ததை விளக்குமாற்றாற் கூட்டித் தள்ளினோம். மரத்திற் கைவையாது, இறைவனுக்கு ஆகாதென விடப்பட்டதனைக் கொண்டு மனிதன் பசி தாகம் தணித்தல், பூசைக்கு இடையூறின்றி மருந்து பெறும் வழிகளுள் மிகத் தூயது என்று சொல்லத் தோன்றுகின்றது.

மாறுபாட்டின் கொடுமுடி நச்சுமலரிற் காணப்படும். எருக்கும் ஊமத்தையும் அலரியும் சிவபெருமானுக்கு உகந்தன என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். இம்மூன்றும் நஞ்சுடையன என்பதைப் பெரியவரும் சில வேளை மறக்கின்றனர். அலரியின் ஒவ்வோர் உறுப்பும் இதயத் துடிப்பைக் கெடுக்கும், ஊமத்தை மதிமயக்கும், எருக்கின் பால் கண்ணையும் குடலையும் புண்ணாக்கும். பொன்னலரி என்னும் மஞ்சட்பூ, நிறத்தால் அஞ்சாதாரை அணுகச் செய்வது. அதன் விதையை உண்டு யாழ்ப்பாணத்திலும் தென்னிலங்கையிலும் உயிர்மாய்த்துக் கொண்டோர் தொகை மருத்துவ உலகமே அஞ்சுமளவினதாயிற்று. கல்வராயன்மலை வேலிகளிற் கார்காலத்தில் தீக்கொழுந்துபோற் பூக்கும் செங்காந்தள் முருகப்பெருமானுக்கு உரியது. அதன் கிழங்கும் விதையும் கொல்லும். இப்பூக்களை இறைவன் ஏற்றமை, அவை நமக்கும் நல்லன என்பதற்குச் சான்றாகாது. ஆலகாலத்தை உண்டு கண்டத்து அடக்கினான் அவன். தேவரும் அஞ்சி ஓடிய நஞ்சை ஏற்றவனுக்கு எருக்கும் ஊமத்தையும் அணியாயின. அவன் திருமுடியில் இருப்பது நம் குவளைக்கு வரவேண்டும் என்பார், அவன் கண்டத்தில் இருப்பதும் வரவேண்டும் என்பாரோ?

இன்னும் ஒன்று. சாத்திய பூவைக் களைந்தபின் அதனையே உலர்த்திக் குடிநீராக்கினால் அருளும் மருந்தும் ஒருங்கே கிடைக்கும் என்று கருதுவாரும் உளர். சிவநிருமாலியம் சண்டேசுர நாயனாருக்கு உரியது. நம் விருப்பப்படி நுகர்தற்கு உரியதன்று. இது சமய நெறி. உலகியல் நோக்கினும், சந்தையில் வாங்கிச் சாத்தும் சாமந்தியும் ரோசாவும் எத்தனை முறை பூச்சிமருந்து தெளிக்கப்பட்டன என்பதை விளைத்தவனே அறிவான். இரண்டு நெறியும் ஈண்டு ஒரே முடிவைத் தருகின்றன.

மலையில் மலர் பறிப்பதனை எண்ணுங்கால் மலைவாழ்வாரை மறந்துவிடலாகாது. கல்வராயன்மலை 1976ஆம் ஆண்டுவரை சாகீர்தாரர் மூவர் ஆட்சியில் இருந்தது. அம்மலை மக்கள் தம் காட்டிற் கடுக்காயும் புளியும் தேனும் திரட்டியும் தமக்கென நிலவுரிமையின்றி நெடுநாள் வாழ்ந்தனர். 2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் சிறுவனப்பொருளைத் திரட்டவும் விற்கவும் பழங்குடியினர்க்கு உரிமை தந்தது. நகரத்தார் ஊர்தியேறிச் சென்று சாக்குச் சாக்காகப் பூவை வாரிவருதல் அவ்வுரிமையைக் கவர்தலேயாம். காப்புக்காடாயின் சட்டத்துக்கும் மாறாம். பூ வேண்டுவார் அவரிடம் விலைகொடுத்து வாங்கினால் அவருக்கு ஊதியமும், வாங்குவார்க்குப் பேயாவாரை கலவாத பூவும் கிடைக்கும்.

அவருக்கு அவ்வூதியம் எவ்வளவு வேண்டப்படுவது என்பதற்கு அம்மலையின் மற்றொரு பெயரே சான்று. ஆவாரை பூக்கும் அவ்வடிவாரத்திலேயே வெள்வேல மரமும் நிற்கின்றது. அதன் பட்டையை வெல்லத்தோடு ஊறவைத்துச் சாராயம் காய்ச்சும் களவுத்தொழிலால் கல்வராயன்மலை நெடுங்காலம் பெயர் கெட்டது. 2024ஆம் ஆண்டு சூன் திங்களிற் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் பருகி அறுபதின் மேற்பட்டோர் மாண்டனர். அந்நஞ்சு மலைப்பட்டையிற் பிறந்ததன்று. தொழிற்சாலைகளுக்குரிய மெத்தனால் என்னும் பொருள். ஆயினும் பழி மலைமேலும் ஏறிற்று. கூலிவேலை செய்து உடல்நொந்து மாலையில் ஒரு குவளையைத் தேடிப்போன அவ்வேழையர்க்கு ஆவாரம்பூக் குடிநீரை எடுத்துக்காட்டுதல் நகைப்பிற்கு இடமாகும். அவர் நோய் வேறு, அதற்கு மருந்தும் வேறு. பட்டைக்கு விலை உண்டு, பூவிற்கு விலை இல்லை என்னும் நிலை மாறுமாயின் மலைமேல் ஒரு சில அடுப்புகளாவது அணையும் என்பதளவே ஈண்டுச் சொல்லத்தக்கது.

முற்கூறிய முதியவர் மார்கழி இறுதியில் மீண்டும் அடிவாரம் சென்றார். அம்மூதாட்டி வீட்டுக் கூரைக்கும் ஆட்டுப்பட்டிக்கும் பொங்கற் காப்புக்கு வேண்டிய ஆவாரங்கொத்தை முதலிற் கட்டி ஒருபுறம் வைத்தாள். பின்னர், எஞ்சிய செடிகளிலிருந்து தானே ஆராய்ந்து பறித்த இரண்டு பிடிப் பூவை ஓலைக்கூடையில் இட்டு, முப்பது ரூபாய் பெற்றுக்கொண்டாள். நிழலில் நான்கு நாள் உலர்ந்த அப்பூ மாசி முதல் வாரம்வரை போதுமானதாயிற்று. மாத்திரைப் பெட்டி அப்பூக்குப்பியின் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருந்தது.